வெண்கலத் தட்டும் என் முதுகும்

எங்கள் ஹல்திடாங்காவில் நாய் கடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவனைப் பார்த்தால் எல்லோரும் பரிதாபப்படுவார்கள். வீட்டில் விவரம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை போலிருக்கிறது, பாவம் என்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் போகும் இடம் வேறு. மூடிப்போன அரிசி ஆலையின் களம். செவ்வாயும் சனியும் அங்கே பைகுண்ட குரு உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு வெண்கலத் தட்டு.

அந்தத் தட்டைப் பற்றிக் கேள்விப்படாதவன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கிடையாது. நாய் கடித்தவனின் முதுகில் வைத்தால் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டு விஷத்தை உறிஞ்சும். உறிஞ்சி முடித்ததும் தானாக விழும். விழுந்தால் விஷம் இறங்கிவிட்டது. ஒட்டவே இல்லையென்றால் உடம்பில் விஷமே இல்லை. ஆக, ஒட்டினாலும் குரு ஜெயித்தார், விழுந்தாலும் குரு ஜெயித்தார். இப்படி ஓர் ஆட்டத்தை எனக்கு யாராவது சின்ன வயதில் கற்றுக்கொடுத்திருந்தால், ஆயுசு பூராவும் படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை விடிந்தால் ஆலை வாசலில் பேட்டரி ஆட்டோக்கள் வரிசை கட்டும். பொரி விற்கிறவன், மண்குவளையில் டீ விற்கிறவன், மாமரத்தடியில் கண்ணாடி மாட்டிச் சவரம் செய்கிற மதன் என்று அத்தனை பேருக்கும் நாய்கள்தான் படியளந்தன. கடிபட்டவர்கள் வருவார்கள். நாளைக்குக் கடிபடுவோமோ என்று சந்தேகப்பட்டவர்கள் வருவார்கள். நாய் முறைத்துப் பார்த்ததற்காக ஒருவர் தட்டு வைத்துக்கொண்டு போனார். பக்கத்து ஊர் போஸ்ட்மாஸ்டர், கனவில் கடித்த நாய்க்காக வந்தார். அவருக்குத்தான் தட்டு வெகுநேரம் ஒட்டியிருந்தது. கனவு நாய்க்கு விஷம் கூடுதலாம்.

இவர்களையெல்லாம் பார்த்து நான் சிரிப்பேன். நான் புத்திசாலி. இதை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

என்னை முதலில் கடித்தது பூனை. ஹில்சா மீனின் தலை யாருக்கு என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு. வாதத்தில் நான் ஜெயித்தேன். பூனை என் கையைக் கடித்துவிட்டுப் போனது. என் மனைவி கனகலதா என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய், வெறிநோய்க்குப் போடவேண்டிய ஊசிகள் அத்தனையையும் தவணை தவறாமல் போட வைத்தாள். கடைசி ஊசியன்று டாக்டரம்மா சிரிக்காமல் சொன்னார்: “தாத்தா, இனிமே மீன்தலையைப் பூனைக்கே விட்டுக்கொடுத்துடுங்க.” நர்ஸ்கள் சிரித்தார்கள். வரிசையில் நின்ற முன்பின் தெரியாதவர்களும் சிரித்தார்கள்.

அந்த ஊசி போட்ட கை வலி போவதற்குள் போலு வந்து சேர்ந்தது. போலு, மிட்டாய்க்கடை வாசலில் படுத்திருக்கும் நாய். தினமும் அதற்கு ஒரு பிஸ்கட் போடுவேன். அன்று ஏதோ யோசனையில் பிஸ்கட்டை நானே தின்றுவிட்டேன். போலு முன்னங்காலைத் தூக்கி, “என் பங்கு எங்கே?” என்று கேட்பதுபோல், என் முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தது. கோட்டில் லேசாக ரத்தம் எட்டிப் பார்த்தது.

வீட்டுக்கு ஓடினேன். கனகலதா என்னை அடிபம்புத் தளத்தில் உட்காரவைத்தாள். விருந்தாளிகளுக்கென்று ஒளித்து வைத்திருந்த சோப்பை எடுத்தாள். கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். கல்யாணத்துக்கு முந்தைய அழுக்கெல்லாம் போய், என் கால் எனக்கே அடையாளம் தெரியாமல் போயிற்று.

“இப்போ நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. போன வாரம்தான் ஊசி முடிஞ்சுது, திரும்பப் போடணுமா வேண்டாமான்னு டாக்டரம்மாவைக் கேளுங்க. அவங்க சொல்றதைச் செய்யுங்க. வழியில டீக்கடையில உக்காராதீங்க.”

டீக்கடையில் உட்கார்ந்தேன்.

ஊசி போட்டுக்கொண்ட ஆளை மறுபடியும் நாய் கீறினால் என்ன செய்வது என்று கேட்டதுதான் தாமதம், பெஞ்சு முழுக்க டாக்டர்களாகிவிட்டார்கள்.

“உனக்குப் போட்டது பூனைக்கான ஊசிப்பா அக்ரூர். நாய்க்கு அது செல்லுபடி ஆகாது” என்றார் கணக்கு வாத்தியார் ஷிபென்.

“அது மட்டுமா? பூனை விஷமும் நாய் விஷமும் உள்ள சந்திச்சா என்ன நடக்கும்? வெளியிலயே ஒத்துப்போகாத ஜென்மங்க. உள்ள சும்மா இருக்குமா?” என்றார் ஹோமியோபதி கேசப்.

“மறுபடி ஊசி போட்டா ஆளுக்குக் குரைப்பு வந்துடும்னு என் மச்சான் சொல்லுவான்” என்றான் டீக்கடைக்காரன்.

“கத்திரிக்காயைத் தொடாதே. இறாலையும் தொடாதே” என்றார் வாத்தியார். எங்கள் ஊரில் கால் முறிந்தாலும் முதலில் நிறுத்துவது கத்திரிக்காயைத்தான்.

நான் எழுந்து ஆஸ்பத்திரிப் பக்கம்தான் நடந்தேன். ஆனால் டாக்டரம்மாவின் முகம் கண்முன் வந்தது. மீன்தலைக்கே அவ்வளவு சிரிப்பு. பிஸ்கட் கதையை எந்த முகத்தோடு சொல்வது? என் மானத்தை எண்ணிப் பார்த்தேன். உயிரை எண்ணிப் பார்க்க மறந்துவிட்டேன். கால்கள் தாமாகவே ஆலைப் பக்கம் திரும்பின. அதில் ஒன்று நன்றாகக் கழுவிய கால், அதற்காவது புத்தி இருந்திருக்கலாம்.

பைகுண்ட குரு பெரிய உடம்புக்காரர். வைகாசி வெயிலில் அவர் உடம்பிலிருந்து வியர்வை ஓடையாக ஓடும். என்னைக் குனிந்து உட்காரச் சொன்னார். சிவப்புக் கட்டம் போட்ட துண்டை மந்திரத் தண்ணீரில் நனைத்து முதுகைத் துடைத்தார். தட்டை வைத்து அழுத்தி, மேலே படீர் என்று அடித்தார். ஒட்டிக்கொண்டது. கூட்டம் “ஆ!” என்றது. நானும் “ஆ!” என்றேன். அடி அப்படி.

“பாருங்க, பாருங்க, எப்படி உறிஞ்சுது!” என்றார் குரு. எனக்கும் உறிஞ்சுவதுபோலவே இருந்தது. என்ன உறிஞ்சுகிறது என்று கேட்டிருந்தால், கேட்டவர் எதைச் சொல்கிறாரோ அதை என்றிருப்பேன். வெயிலில் முதுகு காய்ந்ததும் தட்டு ணங் என்று விழுந்தது. குரு என் காதருகே குனிந்தார்.

“ஏதாவது ஊசி கீசி போட்டிருக்கீங்களா பெரியவரே?”

“பூனைக்காக...”

“வெளியில சொல்லாதீங்க. தட்டுக்கு ஊசி பிடிக்காது.”

தட்டின் மனதைப் புண்படுத்த நான் விரும்பவில்லை.

ஒரு வாரம் போயிற்று, நான் சாகவில்லை. இதைக் குரு எனக்கு முன்பே கவனித்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை களத்தின் நடுவில் எனக்கு ஒரு நாற்காலி. கையில் ரசகுல்லா, கேட்பதற்குக் கூட்டம். படகுத்துறையில் படகு வரும்வரை ஆட்களுக்குக் கதை சொல்லியே பழகிய வாய் இது. படகே வராத ஒரு துறை அதற்குக் கிடைத்தது.

முதல் வாரம் நாய் கீறியது. இரண்டாம் வாரம் கடித்தது. மூன்றாம் வாரம் அதற்கு வெறி பிடித்திருந்தது. அதற்கடுத்த வாரம் மூன்று வெறிநாய்கள் என்னைச் சுற்றி வளைத்தன, ஒரு நரி தூரத்தில் நின்று அவற்றுக்கு உத்தரவு போட்டது. தட்டு என் முதுகில் ஒட்டியபோது கறுகறுவென்று புகை வந்ததாகச் சொன்னேன். “ஆமா, ஆமா, நான் பாத்தேன்!” என்று மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். நானே பார்க்காததை அவர்கள் பார்த்திருந்தார்கள். போலு மட்டும் ஆலை வாசலில் வந்து படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதற்குப் பிஸ்கட் போடுவதை நிறுத்தியிருந்தேன். நட்சத்திரச் சாட்சி தெருநாயோடு பழகலாமா?

அப்படி ஒரு சனிக்கிழமை, நரி உத்தரவு போடும் கட்டத்தில் நான் இருந்தபோது, சுதன்யாவின் பேட்டரி ஆட்டோ களத்துக்குள் வந்தது.

சுதன்யா எங்கள் தெருப் பையன்தான். கல்யாணமாகி, கையில் ஒரு பெண் குழந்தை. வருகிற வெள்ளிக்கிழமை அந்தக் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் விருந்து. என்னையும் கனகலதாவையும் அழைத்திருந்தான். மீன்தலை எனக்குத்தான் என்றுகூடச் சொல்லியிருந்தான். இறங்கும்போது நொண்டினான். கெண்டைக்காலில் துணி சுற்றியிருந்தது. அது சிவப்புத் துணியோ என்று நினைத்தேன். இல்லை.

“என்னடா இது?”

“நேத்து ராத்திரி செங்கல் சூளைப் பக்கம் ஒரு நாய், பெரியப்பா. எந்த ஊர் நாய்னே தெரியல. வாயில நுரை. சும்மா போறவனைப் பிடிச்சு இழுத்துடுச்சு. காலையில அது செத்துக் கிடந்துதாம்.”

என் வாயிலிருந்த ரசகுல்லா அப்படியே நின்றது.

“ஆஸ்பத்திரிக்குப் போகலையா?”

“அங்கதான் போய்க்கிட்டிருந்தேன். நாலுரோட்டுல உங்க ஞாபகம் வந்துது. மூணு வெறிநாய், ஒரு நரி, அதுக்கே தட்டு போதும்னா எனக்கு இந்த ஒரு நாய் எம்மாத்திரம்? வண்டியைத் திருப்பிட்டேன்.”

வயசான காலத்தில் உடம்பு சில்லிட்டால் காற்றுப் பட்டுவிட்டது என்பார்கள் எங்கள் ஊரில். அன்று காற்றே இல்லை.

குரு துண்டை நனைத்துக்கொண்டிருந்தார். “சட்டையைக் கழட்டு தம்பி. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ, தட்டு வச்ச உடம்புல ஊசி படக்கூடாது. பட்டா நான் பொறுப்பில்ல.”

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். “சுதன்யா, தட்டை விட்டுத் தள்ளு. ஆஸ்பத்திரிக்கு ஓடு. நான் பிழைச்சது தட்டால இல்லடா. எனக்கு ஏற்கெனவே ஊசி போட்டிருந்துது. பூனை கடிச்சுதுன்னு முழுசா போட்டிருந்தாங்க.”

களம் கொல்லென்று சிரித்தது.

“பூனையா! அக்ரூர் தாத்தா இன்னிக்குப் புதுக்கதை கொண்டாந்திருக்கார்!”

“பூனைக்குப் பின்னாடி புலி வருமா தாத்தா?”

“சத்தியமாச் சொல்றேன்டா, நாய் என்னைக் கடிக்கவே இல்ல. கீறுச்சு. பிஸ்கட்டுக்காக!”

“எவ்வளவு அடக்கம் பாருங்க” என்று ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “குருவோட மகிமையைத் தன் வாயால சொல்லக் கூச்சப்படறார்.”

மூன்று வெறிநாய்களையும் ஒரு நரியையும் மெல்லாமல் விழுங்கிய ஊர், ஒரு பூனையை விழுங்க மறுத்துவிட்டது. ஆயுசில் முதல் முறையாகப் பொதுஇடத்தில் உண்மை பேசினேன். அதற்குப் பழக்கம் போதவில்லை.

சுதன்யா சட்டையைக் கழற்றிக் குனிந்துவிட்டான். அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு கனகலதா வந்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது, ஆளைக் காணோம் என்று தேடி வந்திருக்கிறாள். சுதன்யாவின் காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். என் கையிலிருந்த ரசகுல்லாக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

“பூனை கடிச்சது நிஜம்” என்றாள் கூட்டத்தைப் பார்த்து. “இந்த மனுஷன் இத்தனை வருஷத்துல சொன்னதுல அது ஒண்ணுதான் நிஜம்.”

“அம்மா, நடுவுல வராதீங்க. விஷம் ஏறிக்கிட்டிருக்கு” என்றார் குரு.

“உங்க தட்டு விஷம் இருந்தா ஒட்டும், இல்லாட்டி ஒட்டாது. அப்படித்தானே?”

“அப்படித்தான். இது பொய் சொல்லாது.”

“எங்க வீட்டு அடிபம்புத் தளத்துல தினமும் தட்டைக் கழுவிக் கவுத்தி வைக்கறேன். ஈரத் தளத்துல ஒட்டிக்கிட்டு, நகம் பேர்ந்தாலும் வர மாட்டேங்குது. என் சிமெண்ட்டை எந்த நாய் கடிச்சுது?”

யாரோ ஒருவன் சிரித்தான். உடனே நிறுத்திக்கொண்டான்.

கனகலதா மாமரத்தடிக்குப் போய் மதனின் பவுடர் டப்பாவை எடுத்து வந்தாள். எங்கள் ஊரில் வெயில் காலத்தில் பவுடர் இல்லாமல் யாரும் வாசலைத் தாண்டுவதில்லை. அங்கே நின்ற ஆண்பிள்ளைகள் அத்தனை பேர் கழுத்தும் வெள்ளையாகத்தான் இருந்தது. கண்முன்னே இருந்த மருந்து, மூளைக்கும் கழுத்துக்கும் சாண் தூரம்தான், யாருக்கும் எட்டவில்லை. சுதன்யாவின் முதுகைத் தன் முந்தானையால் உலரத் துடைத்தாள். நிமிர்ந்து உட்காரவைத்தாள். பவுடரைத் தடவினாள்.

“இப்போ ஒட்டுங்க.”

“பவுடர் போட்டா...”

“விஷம் உள்ளதானே இருக்கு? பவுடர் வெளியிலதானே இருக்கு? ஒட்டுங்க.”

குரு ஒட்டினார். தட்டு ணங் என்று விழுந்தது. அழுத்தி ஒட்டினார். ணங். மந்திரம் சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு, படீர் என்று அடித்து ஒட்டினார். சுதன்யா “அம்மா!” என்றான். தட்டு ணங் என்றது.

“ஒட்டல. அப்போ இவனுக்கு விஷம் இல்ல. கால்ல வழியறது ரத்தம் இல்ல, குங்குமம். சரி. உங்களை நாய் கடிச்சிருக்கா?”

குரு நெஞ்சை நிமிர்த்தினார். “என்னையா? எந்த நாயும் என் நிழலைக்கூட மிதிக்காது.”

“அப்படின்னா உங்க முதுகுல தட்டு நிக்காது.”

“நிக்காது” என்றார் குரு. வேறு என்ன சொல்ல முடியும்? அவர் பேச்சே அவரைப் பிடித்துக் கட்டியிருந்தது.

சுதன்யா தட்டை எடுத்தான். வாங்கிய அடியையெல்லாம் கைக்குக் கொண்டுவந்து, வியர்வை ஓடிக்கொண்டிருந்த அந்த அகலமான முதுகில் படீர் என்று ஒன்று வைத்தான்.

ஒட்டிக்கொண்டது. போஸ்ட்மாஸ்டருக்குக்கூட அப்படி ஒட்டவில்லை.

தட்டு பொய் என்று இப்போது எல்லோருக்கும் புரிந்துவிடும் என்று நான் நினைத்தேன். என் ஊரைப் பற்றி நானே இன்னும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

“ஐயையோ! குருவுக்கே வெறி பிடிச்சிருக்கு!” என்று அலறினான் பொரி விற்கிறவன்.

கூட்டம் பின்வாங்கியது. தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டார்கள். தண்ணீரைக் கண்டு பயப்படுகிறாரா பார் என்று ஒருவன் வாளித் தண்ணீரை அவர் முகத்தில் வீசினான். திடீரென்று வந்ததால் அவர் பயந்தார். “பாத்தீங்களா, பயப்படறார்!” ஒருவன் கயிறு தேடினான். இரண்டு பேர் மூங்கில் கழிகளோடு வந்தார்கள். எங்கள் ஊரில் வெறிபிடித்த பிராணிக்கு என்ன நடக்கும் என்று குருவுக்குத் தெரியாதா? கை முதுகுக்கு எட்டாமல் தட்டோடு சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் தொண்டை கிழியக் கத்தினார்:

“டேய் முட்டாள்களா! எனக்கு ஒண்ணும் இல்லடா! ஈரமா இருந்தா எவன் முதுகுல வேணாலும் ஒட்டும்டா!”

அவர் வாயிலிருந்து வந்த ஒரே மந்திரம் அதுதான். உடனே பலித்தது. கழிகள் கீழே இறங்கின. கூட்டம் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் குரு வேலி தாண்டிச் சணல் வயலுக்குள் பாய்ந்தார். முதுகில் தட்டு வெயிலில் பளபளக்க, ஆமை ஒன்று ரெயிலைப் பிடிக்க ஓடுவதுபோல் ஓடினார். நதியா ஜில்லா எல்லை வரை தட்டு விழவில்லை என்று நான் சொல்வதுண்டு. அதை நீங்கள் நம்ப வேண்டாம்.

கனகலதா எதையும் பார்க்கவில்லை. சுதன்யாவை ஆலை அடிபம்படிக்கு இழுத்துப் போயிருந்தாள். காயத்தில் யாரோ அப்பியிருந்த சுண்ணாம்பையும் மஞ்சளையும் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

“என்ன வேடிக்கை? அடிங்க பம்பை!” என்றாள் என்னிடம்.

அடித்தேன். நான் சொன்ன நாய் ஒவ்வொன்றுக்கும் சேர்த்து அடித்தேன். நரிக்கு வந்தபோது கை விட்டுப்போயிற்று. “இன்னும்” என்றாள். கால் மணி நேரம் தண்ணீர் ஓடவேண்டுமாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுதன்யாவின் காயத்துக்குள்ளேயே சீரம் ஏற்றினார். கையில் முதல் ஊசி போட்டார். “நல்லவேளை இன்னிக்கே வந்தீங்க. நோய் வெளியில தெரிஞ்ச பிறகு வந்தா எங்க கையில மருந்து இல்ல. மீதி ஊசியில ஒண்ணைக்கூட விடக்கூடாது.” பிறகு என்னைப் பார்த்தார். “தாத்தா, மறுபடி மீனா?”

பிஸ்கட் கதையைச் சொன்னேன். நர்ஸ்கள் சிரித்தார்கள். என் மானம் போனது. போன பிறகு பார்த்தால், அவ்வளவு பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை.

“நாய் கீறினதும் சோப்புப் போட்டு நல்லாக் கழுவினீங்களா?”

“என் பொண்டாட்டி கழுவிவிட்டா.”

“பூனைக்குப் போட்ட ஊசி முழுசா முடிஞ்சு மூணு மாசம் ஆகல. அதுக்குள்ள திரும்பக் கடிச்சாலோ கீறினாலோ, காயத்தைக் கழுவினாலே போதும். ஊசி தேவையில்ல. மூணு மாசம் தாண்டியிருந்தா ரெண்டு ஊசி போட்டிருப்போம். பூனையோ நாயோ, நோய் ஒண்ணுதான், ஊசியும் ஒண்ணுதான். ஆனா எது வேணும், எது வேண்டாம்னு அன்னிக்கே இங்க வந்து கேக்கணும்.”

“அப்போ அந்தத் தட்டு எனக்கு என்னதான் செஞ்சுது?”

“உங்களை இங்க வரவிடாம செஞ்சுது.”

சுதன்யாவின் வெள்ளிக்கிழமை விருந்து தள்ளிப்போனது. கடைசி ஊசியும் போட்டு முடித்த பிறகுதான் குழந்தைக்குச் சோறு ஊட்டினார்கள். குழந்தை பாயசத்தைத் துப்பி அப்பன் சட்டையில் பூசியது. அவன் அந்தச் சட்டையைப் பரிசு வாங்கியவன் மாதிரி எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான். என் இலையில் மீன்தலை விழுந்தது. பக்கத்தில் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. டாக்டரம்மாவை நினைத்துக்கொண்டு, தலையை அதன் பக்கம் தள்ளிவிட்டேன்.

கை கழுவ எழுந்தபோது வாசலில் ஒரு கும்பல் நின்றிருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள். முன்னால் போஸ்ட்மாஸ்டர். எல்லோர் கையிலும் பவுடர் டப்பா.

“இதை உங்க கையால கொஞ்சம் தொட்டுக் குடுக்கணும், பெரியவரே” என்றார் பயபக்தியோடு. “அன்னிக்குத் தட்டையே தோற்கடிச்சது பவுடர்தானே! நேத்து கனவுல மறுபடி அந்த நாய்...”

ஒரு கணம் எனக்கு அந்த நாற்காலியும் ரசகுல்லாவும் ஞாபகத்துக்கு வந்தன என்பதை மறைக்க மாட்டேன். வாயைத் திறந்தேன். கனகலதா முந்திக்கொண்டாள். போஸ்ட்மாஸ்டர் கையில் ஒரு சோப்புக் கட்டியைத் திணித்தாள். “கடிச்சா இதைப் போட்டுக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. கனவுல கடிச்சா, முகத்தைக் கழுவிட்டு வேலைக்குப் போங்க.”

அவர்கள் போனார்கள். போகும்போது அந்தச் சோப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

தட்டு ஒட்டுவதற்கு உள்ளே எதுவும் இருக்க வேண்டிய அவசியமில்லை, மேலே ஈரம் இருந்தால் போதும். முதுகைப் பற்றிச் சொல்கிறேன். தலையைப் பற்றியும்தான். என் தலையைத் துடைத்து உலர்த்தக் கனகலதா இருக்கிறாள். உங்கள் தலையை நீங்களே கொஞ்சம் தொட்டுப் பாருங்கள்.